தூங்குகிறவர்களை எழுப்பும் கோல்

பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அராபாவுக்குக் கண் சொருகிவிட்டது. வேறு யாராவது தூங்கினால் பரவாயில்லை. கேப் கோஸ்ட் ஊரின் அந்தச் சபையில், தூங்குகிறவர்களை நீளக் கோலால் தட்டி எழுப்புகிற வேலையே அவளுடையதுதான். வெள்ளைக் கையுறையும் கோலுமாகப் பன்னிரண்டு வருஷம் பேர் வாங்கியவள்.

"ராத்திரி தூங்கலையா?" என்றான் கணவன் எகோ.

"பத்து மணி நேரம் தூங்கினேன். மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. சும்மா சும்மா அழுகை வேற."

"காலையில கெங்கேக் களியைக் கொறைச்சுத் தின்னு."

கெங்கேயையே நிறுத்தினாள், பசியோடு தூங்கினாள். தூக்கத்தை விரட்டும் கோலாக் கொட்டையை மென்றாள், மென்றபடியே தூங்கினாள். மேளத்தில் சாய்ந்து நின்று பார்த்தாள், மேளத்தோடு சரிந்தாள். சத்தம் கேட்ட சபை, பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று எழுந்து கைக்குட்டை வீசி ஆடத் தொடங்கிவிட்டது.

"இது தூக்க ஆவி! முன்னால வாம்மா" என்றார் போதகர் குவான்சா.

தலையில் கை வைத்து ஜெபித்தார். நீளமாக ஜெபித்தார். கண்ணை மூடிய அராபா அப்படியே தூங்கி, மல்லாந்து விழுந்தாள்.

"தேவ வல்லமை எறங்கிருச்சு!" என்று சபை அலறியது.

தூங்கிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? மறுவாரம் முதல் உட்கார இடமில்லாத கூட்டம். முன்வரிசையில் பெரிய தொப்பியோடு உட்காரும் போதகரின் மனைவி மான்சா, "எல்லாம் உன்னாலதான்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தன் பொய்யைப் பார்க்கத்தானே இத்தனை சனம் என்று அராபாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் எகோ அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். நர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள்.

"தைராய்டு மந்தமா இருக்கு. கழுத்துல இருக்கிற இந்தச் சுரப்பி சோம்பினா மூளையும் சோம்பிரும். விழிப்பு, ஞாபகம், சந்தோஷம் இதுக்கெல்லாம் மூளையில ரசாயனம் இருக்கு. அதுங்க ஒழுங்கா வேலை செய்ய இந்தச் சுரப்பு வேணும். தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடுங்க."

"அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டுவிட்டு அராபா அங்கேயே அழுதாள்.

மூன்று மாதத்தில் பஞ்சு கலைந்தது. ஒரு ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு எறங்கினது வல்லமை இல்ல, தூக்கம். உங்களை ஏமாத்திட்டேன். இந்தக் கோலுக்கு நான் லாயக்கில்ல."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உண்மை பேசின கையிலதான் கோல் இருக்கணும். இன்னைக்கே எழுப்ப ஆரம்பி."

ஆரம்பித்தாள். ஒரு தலை தப்பவில்லை. அடுத்த ஞாயிறு பாதி பெஞ்சு காலி. அதற்கடுத்த ஞாயிறு, பாடகர்களும் மான்சாவும்தான் மிச்சம்.

அராபா வாசலில் மான்சாவிடம் உடைந்துபோனாள். "நான் பொய்க்காரின்னு தெரிஞ்சதும் எல்லாரும் போயிட்டாங்க, அக்கா. சபையையே கெடுத்துட்டேன்."

மான்சா தொப்பியைக் கழற்றி, கோல் பட்டு வீங்கின இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"வல்லமையைப் பார்க்க எவடி வந்தா? எழுப்ப ஆளில்லன்னு கேள்விப்பட்டு ஊரே தூங்க வந்துச்சு, என்னையும் சேர்த்து!"