டீசலில் கலந்த பெருமூச்சு

விடிந்தும் விடியாமலும் அந்தத் தெருவில் கார்கள் வரிசை கட்டிவிடும். சும்மா நிற்காது. உதறிக்கொண்டு நிற்கும். குளிர்காய்ச்சல்காரன் கட்டிலோடு ஆடுவதுபோல ஒவ்வொன்றும் கடகடவென்று ஆடும். கண்ணாடி நடுங்கும், நம்பர் பலகை நடுங்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தாடையும் நடுங்கும். எல்லாம் டீசல் வண்டிகள். எல்லாம் மூச்சய்யாவின் தரிசனத்துக்கு வந்தவை.

மூச்சய்யா யார் என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். வரிசையில் நிற்பவர்கள் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பழைய டயர் கிடங்கு ஒன்றில், கழுத்து முதல் கணுக்கால் வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, எஞ்சினோடு பேசுகிறவர் அவர். "மெக்கானிக் வண்டியோட உடம்பைப் பார்ப்பான். நான் உயிரைப் பார்க்கிறேன்" என்பார். உடம்பைப் பார்ப்பவன் தப்புச் செய்தால் சட்டையைப் பிடிக்கலாம். உயிரைப் பார்ப்பவரின் அங்கியை யார் பிடிப்பது?

வைத்தியம் இப்படி நடக்கும். பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரு கறுப்புப் போர்வையை எஞ்சின்மேல் விரித்து, தலையையும் இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்து முணுமுணுப்பார். கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கும். எஞ்சின் பூனைபோலக் குறுகுறுக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். போர்வைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பார்க்க முடியாததைத்தானே கும்பிட முடியும்.

கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று யாருமில்லை. வங்கி மேனேஜர் இருந்தார். ஆயுள் முழுக்க அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். "பாடம் வேற, வாழ்க்கை வேறங்க" என்பார் அவர், எவரும் கேட்காமலே. அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

புது வண்டி வாங்கியவர்களும் வந்தார்கள், வருமுன் காக்க. அவர்களுக்கு மூச்சய்யா செம்புக் காப்பு கட்டுவார். டாங்கிலிருந்து டீசல் வரும் ரப்பர் குழாயின் வாயில் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று. அதைக் கழற்றுகிறவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது வாக்கு. அதனால் ஊர் மெக்கானிக்குகள் யாரும் காப்பு கட்டிய வண்டியைத் தொடுவதில்லை.

ஒரே ஒரு சின்னக் குறை. மூச்சய்யா அடக்கிய உதறல் மறுநாள் காலையில் திரும்பிவிடும். அது அவருடைய குற்றமா? எப்படி ஆகும்? "டீசல்ல யாரோட பெருமூச்சோ கலந்திருக்கு" என்பார். அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஒருவரைக் காட்டிக்கொடுப்பார். ஒரு வீட்டில் மாமியார், ஒரு வீட்டில் வேலை கிடைக்காத மச்சான். பெருமூச்சு விடாத ஆள் இருக்கிற வீட்டை யாராவது பார்த்ததுண்டா? குறி எப்படித் தப்பும்?

அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களில் ஒருத்திதான் அந்த நர்ஸ்.

புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். முன்னறையில், தையல் மெஷினுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே அவள் கட்டில். தம்பிக்குப் பிழைப்பே அந்தக் கார்தான். வாடகைக்கு ஓட்டுகிறான். வாங்கிய அன்றே காப்பு கட்டினான். சில நாளிலேயே வண்டி உதறத் தொடங்கியது. கூட்டிப்போன நோயாளியை மேட்டுப் பாதையின் நடுவில் இறக்கிவிட்டு வேறு வண்டி பிடித்துக் கொடுக்கும் நிலை வந்தபிறகு, மூச்சய்யா கண்ணை மூடிச் சொன்னார்: "உன் வீட்டுல திரும்பி வந்த பொம்பள ஒருத்தி இருக்கா. அவ மூச்சுதான் டாங்குல நிக்குது."

தம்பி அன்று அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி மாட்டினான். சொல்லும் வேலையை மனைவியிடம் விட்டான். கெட்ட சேதி சொல்ல ஆள் வைத்துக்கொள்வதில் ஆம்பிளைகளை மிஞ்ச முடியாது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி ஓரமாப் போறப்ப மட்டும் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கிட்டீங்கன்னா..."

"எவ்வளவு தூரம்மா அடக்கணும்?"

"கேட்டைத் தாண்டுற வரைக்கும் போதும்."

அப்போது அவள் சிரித்தாள். அடுத்த தீர்ப்பு வந்தபோது சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கிடங்குக்கு வரவேண்டும். எல்லார் முன்னிலையிலும் ஒரு சீசாவுக்குள் மூச்சை ஊதி மூடிக் கொடுக்கவேண்டும். பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

"டேய், இதை நீ நம்புறியா?" என்று தம்பியிடம் நேராகவே கேட்டாள்.

"நான் நம்பலக்கா. வண்டி நம்புதே."

"நான் எங்க போவேன்னு கேக்க மாட்டியா?"

"ஆஸ்பத்திரியில ஹாஸ்டல் இருக்குல்ல..." என்று தரையிடம் சொன்னான்.

அன்று இரவுப் பணிக்குப் போனவள் வார்டில் ஒரு கிழவருக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தாள். உறிஞ்சும் மெஷின் திடீரென்று இழுக்காமல் திணறியது. தெளிவான பிளாஸ்டிக் குழாய்க்குள் குமிழ் குமிழாக ஓடியது. குழாயின் வாய் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகினாள். குமிழ் நின்றது, மெஷின் ஒழுங்காக இழுத்தது. இதைத் தினம் செய்கிறவள்தான். ஆனால் அன்று கை அங்கேயே நின்றுவிட்டது. காரும் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சத்தானே செய்கிறது?

காலையில் தெருமுனை மெக்கானிக்கிடம் போய்க் கேட்டாள்.

"காத்து வாங்குது சிஸ்டர். டீசலோட காத்து போனா எஞ்சின் உதறத்தான் செய்யும். பக்கத்துல இருக்கிற ரப்பர் குமிழை அமுக்கினா அப்போதைக்கு அடங்கும்."

"அப்ப சரி பண்ணலாம்ல?"

"காப்பைக் கழட்டினாத்தானே குழாயைப் பார்க்க முடியும்? எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. வீடு போய்ச் சேரணும்."

வியாதி தெரிந்த வைத்தியனே இப்படி. அவனை நம்பிப் பயனில்லை என்று, காலாவதியானதால் ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப்போட்ட தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஆசைடா" என்றாள். "காப்பைத் தொட வேண்டாம். அதுக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போற குழாயை எடுத்துட்டு இதை மாட்டு."

கடைசி ஆசை என்பதால் தம்பி மறுக்கவில்லை. மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். வண்டி உதறியது. தெளிவான குழாய்க்குள், மஞ்சள் டீசலில், முத்து முத்தாகக் குமிழ்கள் ஓடின. தம்பியின் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா... உன் மூச்சு."

"நான் இன்னும் விடவே இல்லடா" என்றாள்.

கிடங்கில் கூட்டம் நெரிந்தது. பெருமூச்சுக்காரியை நேரில் காண யாருக்குத்தான் ஆசை இருக்காது? மூச்சய்யா சீசாவை ஏந்தி வந்தார். எஞ்சினை எட்டிப் பார்த்தவர் குழாயில் ஓடும் குமிழ்களைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். ஆனால் தொழில் தெரிந்தவர். உடனே இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பாருங்க. இத்தனை நாள் நான் சொன்னேன். இன்னிக்கு உங்க கண்ணுக்கே காட்டுறேன். இதோ ஓடுது அவ பெருமூச்சு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பிரத்தியட்சம்" என்றார். குழாயைக் கொண்டுவந்தவள் அவள். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் மூச்சய்யா.

"ஐயா, இந்த வாரம் முழுக்க எனக்கு இரவுப் பணி" என்றாள் நர்ஸ். "வீட்டுலயே நான் படுக்கல. வண்டி தினமும் உதறிச்சு."

"மூச்சுக்குத் தூரம் கிடையாதும்மா."

"அப்ப என்னை வீட்டை விட்டு அனுப்பி என்ன பிரயோசனம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, பயந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாயாடாம ஊது" என்று சீசாவை நீட்டினார் மூச்சய்யா.

"ஊதுறேன். அதுக்கு முன்னாடி, போர்வை இல்லாம உங்க கையால ஒரு தடவை இந்த உதறலை நிறுத்திக் காட்டுங்க."

"வெறுங்கண் பட்டா சக்தி இறங்காது."

"என் மூச்சு எல்லார் கண்ணுக்கும் தெரியுது. உங்க சக்திக்கு மட்டும் வெக்கமா?"

மூச்சய்யா போர்வையை விரிக்கப் போனார். அவள் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் எஞ்சினைக் காட்டினாள்.

"இது என் பெருமூச்சுன்னா, காப்பு இருந்தாலும் ஓடும், இல்லன்னாலும் ஓடும். கழட்டிப் பார்த்துடலாமே."

"கழட்டுறவங்க வீடு போய்ச் சேரமாட்டாங்க" என்றார் மூச்சய்யா. குரலில் முதன்முறையாக உதறல், டீசல் கலக்காத உதறல்.

"எனக்குத்தான் வீடே இல்லன்னு ஆக்கிட்டீங்களே. எங்க போய்ச் சேரணும் நான்?"

தம்பி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம்க்கா. உனக்கு ஏதாவது ஆயிடும்." பல நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"விடுடா. எஞ்சினை ஆஃப் பண்ணு. ஸ்க்ரூடிரைவரைக் கொடு."

குழாயின் வாயை இறுக்கியிருந்த கிளிப்பைத் தளர்த்திக் குழாயை இழுத்தாள். இரும்பு வாய்க்கும் ரப்பருக்கும் நடுவே, உள்ளே போகும்படி படுக்க வைத்திருந்தது செம்புக் கம்பி. கம்பி கிடந்த இடத்தில் ரப்பர் ஒட்டவே இல்லை. கதவிடுக்கில் குச்சி வைத்தால் கதவு எப்படி மூடும்? அந்த இடுக்கு வழியாகத்தான் ராத்திரியெல்லாம் காற்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. கம்பியை உருவித் தம்பி உள்ளங்கையில் வைத்தாள். குழாயைச் செருகிக் கிளிப்பை முடுக்கினாள். பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் குமிழ் இருந்தது, கையால் அமுக்கி டீசலை ஏற்றும் குமிழ். அதை அமுக்க அமுக்க, தெளிவான குழாயில் இருந்த காற்று எஞ்சின் பக்கம் நகர்ந்து காணாமல் போனது.

"ஐயாவோட சக்தி இதுதான்" என்றாள். "போர்வைக்குள்ள இதைத்தான் அமுக்கிக்கிட்டு இருந்தாரு. காத்து வெளிய போனா வண்டி அடங்கும். கம்பி அங்கேயே இருக்கிறதால மறுநாள் காத்து திரும்ப வரும். நம்மளும் திரும்ப வருவோம்."

வண்டியைக் கிளப்பினார்கள். ஒருமுறை செருமிவிட்டு ஒரே சீராக ஓடியது. குழாயில் ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லை. அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. எஞ்சின் அசையவே இல்லை.

இதற்குப் பிறகும் தலைமையாசிரியர், "காப்பு தன் வேலையை முடிச்சுக்கிச்சு, அதனாலதான் இறங்கி வந்துச்சு" என்று தொடங்கினார். அவரை முடிக்கவிடாமல் வெளியிலிருந்து வங்கி மேனேஜரின் குரல் வந்தது. கிடங்கின் பின்புறம் நின்ற மூச்சய்யாவின் சொந்தக் காருடைய பானெட்டை அவர் திறந்து வைத்திருந்தார். அதுவும் டீசல்தான்.

"ஐயா வண்டியில காப்பே இல்லையே."

ஊருக்கெல்லாம் கம்பி செருகியவர் தன் வண்டியில் மட்டும் கிளிப்பை நன்றாக முடுக்கி வைத்திருந்தார். பாவம், அவர் காலையில் நேரத்துக்குத் தொழிலுக்கு வரவேண்டுமே.

தம்பி அக்கா கொடுத்த கம்பியோடு அவர் எதிரே போய் நின்றான். "இதை உங்க வண்டிக்குக் கட்டிடலாமா ஐயா? உங்க மேலதான் நிறையப் பேரோட பெருமூச்சு."

மூச்சய்யா அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய வண்டி சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவ்வளவு அருமையாகப் பராமரித்த எஞ்சினை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. கிடங்கு முழுக்கப் பானெட்டுகள் திறந்தன. ஆளாளுக்கு ஸ்க்ரூடிரைவர் தேடினார்கள். தலைமையாசிரியர் மட்டும் தன் காரை யாரும் பார்க்காத மூலைக்கு ஓட்டிப்போய் அங்கே திறந்தார்.

வீட்டு வாசலில் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தம்பி அதைத் தூக்கினான். "உள்ள வாக்கா" என்றான்.

"மூச்சு விடலாமாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவருகே நின்ற தம்பி மனைவி வழிவிட்டு ஒதுங்கினாள். "அண்ணி, பெருமூச்சுன்னு சொல்லி ஒரு வீட்டுல மாமியாரை அனுப்பிட்டாங்களே, அந்த வீட்டு வண்டி இப்பவும் உதறுதாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

உதறத்தான் செய்யும். கம்பியை விட்டுவிட்டு மாமியாரைக் கழற்றினால் எந்த எஞ்சின் கேட்கும்? குழாயின் வாய் தளர்ந்தால் வண்டி மட்டும்தான் உதறும். புத்தியின் வாய் தளர்ந்தால் குடும்பமே உதறும். அந்தக் கிளிப்பை முடுக்க எந்த மெக்கானிக்கும் வரமாட்டான். ஸ்க்ரூடிரைவர் அவரவர் கையில்தான் இருக்கிறது.