சீர்வரிசையில் சேர்ந்துபோன ஸ்டூல்

“விசேஷ வீட்டுக்கு எவளாவது அடுப்படி ஸ்டூலைத் தூக்கிட்டு வருவாளா? என் மானம் போகுது, வசந்தி!” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“ஜீப்புப் படியைக் கழட்டினப்ப எங்க போச்சு அந்த மானம்?” என்றேன்.

வேலை இவ்வளவுதான். விருதுநகரிலிருந்து சாத்தூர் போய், அண்ணன் மகளுக்கு வளைகாப்பில் முதல் வளையல் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஆனால் போவது அவருடைய பழைய ஜீப்பில்!

வாங்கினபோது அது ஜீப். இப்போது மச்சுவீடு. டிராக்டருக்குப் போடுகிற மாதிரி டயர் மாட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, உயரத்தை ஏற்றிவிட்டார். ஏறுகிற படியையும் கழற்றிவிட்டார். கேட்டால், “படி இருந்தா பாறையில இடிக்கும்ல!”

விருதுநகர் பஜாரில் ஏது பாறை?

கூரை வரைக்கும் ஒரு மூச்சுக்குழாய் வேறு. கழுத்தளவு தண்ணீரிலும் இன்ஜின் நிற்காதாம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீரே குடத்தடி நனைகிற அளவுக்குத்தான் வரும்!

கான்வென்டில் என்னை நிமிர்ந்து உட்காரப் பழக்கினார்கள். பட்டுச்சேலையோடு மலையேறப் பழக்கவில்லை. அதனால்தான் ஸ்டூல். அதில் ஏறி, அங்கிருந்து ஜீப்புக்குத் தாவி, குனிந்து ஸ்டூலை மேலே தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினார். புதிதாக மாட்டின சைலன்சர் ‘டமார்!’ என்றது.

வேறு ஊரென்றால் பயந்திருப்பார்கள். இது பட்டாசு செய்கிற ஊர்; மொத்தக் கூட்டமும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டது.

“அத்தை வந்துட்டாக! வெடி போட்டுல்ல வாராக!”

“சத்தம் நல்லாருக்கே, எந்தக் கம்பெனி சரக்கு?” என்றார் மாமா முறைக்காரர் ஒருவர். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பெருமை!

அத்தனை பேர் முன்னால் ஸ்டூலைப் போட்டு இறங்கினேன். கூச்சத்தில் அதைக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

அங்கேதான் தப்பு. வளைகாப்பு வீட்டில் அத்தை கையில் எது இருந்தாலும் அது சீர்!

சம்பந்தியம்மா ஓடிவந்து ஸ்டூலை வாங்கினார். சந்தனம், குங்குமம் வைத்தார். “கைப்பிடி நாற்காலின்னா வளையல் போடயில இடிக்கும்னு ஸ்டூல் கொண்டாந்திருக்காக! எம்புட்டு யோசனை பாருங்க!”

அண்ணன் மகளை அதிலேயே உட்காரவைத்தார்கள். வளையல் போட்டேன். ஒரு கண் பிள்ளை மேல், ஒரு கண் ஸ்டூல் மேல்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஸ்டூலைக் காணோம். பழத்தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏறிப் போய்விட்டது.

“மதினி, அது என் அடுப்படி ஸ்டூலு!” என்று அண்ணன் பெண்டாட்டியிடம் கிசுகிசுத்தேன்.

“வாயை மூடு. குடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா என் பிள்ளையைல்ல சொல்லிக்காட்டுவாக!”

வெளியே ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. முழங்காலைத் தூக்கிப் பார்த்தேன். சேலைதான் கிழியப் பார்த்தது.

“சேத்துல மாட்டுன வண்டியை இழுக்க முன்னால ரோப்பு மாட்டிருக்கேன்ல, இடுப்புல கட்டித் தூக்கட்டுமா?” என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை!

பஸ்ஸில் திரும்பினேன். ஆகா, படி என்றால் அது படி! பின்னாலேயே ஹாரன் அடித்தபடி ஜீப் வந்தது.

வீட்டு வாசலில் கேட்டேன்: “ஏங்க, அந்தப் பழைய படியை மட்டும் திரும்ப மாட்டித் தாங்களேன்.”

ஜீப்புக்கு அடியிலிருந்து ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு கை வெளியே வந்து, “அந்த ஸ்பேனரை எடு!” என்றது.