மிஸ்ஸி கொடுத்த மஞ்சள் போத்தல்

இலங்கையில் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், பரிசு கொடுத்தே ஒரு தோட்டத்தை நடுங்க வைத்த ஒரே மனுஷி எங்கள் போத்தல் மிஸ்ஸிதான். மற்ற இடங்களில் தீபாவளி வந்தால் வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்தோம்.

மிஸ்ஸி தோட்டத்து மருத்துவிச்சி. டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முன்னால், நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர். எனக்கு இருபத்துநாலு வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். அவருடைய உண்மைப் பெயர் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. அதை எழுதி வைத்த நானே மறந்துவிட்டேன்.

யாரைச் சந்தித்தாலும் மிஸ்ஸி வணக்கம் சொல்ல மாட்டார். கட்டை விரலால் நம் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் பத்தல" என்பார். ஒரு முறை தோட்டத்து மேனேஜரான பெரிய துரை ஜீப்பை நிறுத்தி 'குட் மோர்னிங்' சொல்லிவிட்டார். மிஸ்ஸி ஜீப்புக்குள் கையை விட்டு அவருடைய இமையையும் இழுத்துப் பார்த்து, "கீர சாப்பிடுங்க தொர" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ஜீப் நின்றதே இல்லை.

இனி போத்தல் விஷயம். டிஸ்பென்சரியில் காலியாகும் மருந்துப் போத்தல்களை மிஸ்ஸி வருஷம் முழுவதும் சேர்ப்பார். வெந்நீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, தீபாவளிக்கு அவற்றில் ஜாமும் ஊறுகாயும் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சில போத்தல்களில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற லேபல் எவ்வளவு சுரண்டினாலும் உரியாது. அதன் கீழே சிவப்பு மையில், 'தீபாவளி வாழ்த்துகள். உணவுக்குப் பின் மூன்று வேளை' என்று எழுதியிருக்கும்.

வெலிமடைக் கரட் கிழங்கில் ஊறுகாய், பண்டாரவளைப் பேரிக்காயில் ஜாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பெருங்காயத்தையும் பூண்டையும் அவர் எல்லாவற்றிலும் அரைத்துக் கலந்துவிடுவார். அவர் பார்வையில் தோட்டத்தில் உள்ள அத்தனை பேரும், துரை உட்பட, நேற்றுத்தான் பிள்ளை பெற்றவர்கள். முதல் வருஷம் நான் ஒரு கரண்டி ஜாம் வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு வந்தது, பிறகு பூண்டு வந்தது, கடைசியில் டிஸ்பென்சரியே வந்தது. அன்று மூடிய மூடிதான். அடுத்த மூன்று வருஷத்துப் போத்தல்களைத் திறக்காமலே அதோடு சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆனால் மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்லி வந்தேன். தொழிலாளர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் பிறந்தவர்கள். அவரிடம் யார் வேறு மாதிரிச் சொல்வது?

நாலாவது வருஷம், தீபாவளி அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நாலு தோசையை முடித்துக் கையைக் கழுவும்போது கதவு தட்டும் சத்தம். போத்தல்தான் முந்தின நாளே வந்துவிட்டதே, இது என்ன என்று திறந்தேன். குடையில்லாமல் நனைந்தபடி மிஸ்ஸி நின்றார். என் இமையைக்கூட இழுக்கவில்லை. எனக்கு அதுவே கலக்கமாக இருந்தது.

"தம்பி, ஒரு போத்தல் மாறிப் போச்சு" என்றார்.

நடந்தது இதுதான். ஜாம் காய்ச்சிய அன்றே அவர் சொறிக்குக் கந்தகக் களிம்பும் கிண்டி வைத்திருக்கிறார். இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல். பெயர் எழுதி ஒட்டிய காகிதம் எல்லாம் மழை ஈரத்தில் விழுந்துவிட்டது. முந்தின நாள் தேயிலை ஸ்டோர் காவல்காரர் சொறி என்று வர, ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். விடிந்ததும் அந்த மனிதர் கையை நீட்டிக்கொண்டு வந்து, "சொறி இருந்த எடத்துல இப்ப எறும்பு இருக்குங்க மிஸ்ஸி" என்றாராம்.

"அவருக்குப் போனது ஜாம். அப்ப களிம்பு ஒண்ணு தீவாளிப் பரிசாப் போயிருக்கு. மஞ்சப் போத்தல் குடுத்தது நாலே எடம். வாத்தியார் வீடு, தொர பங்களா, ஹாலிஎல கட நானா, அப்புறம் நீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள போனா வயித்த அறுத்துரும் தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?"

இங்கேதான் நான் தவறு செய்தேன். "சாப்பிடல" என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மூன்று வருஷப் பழக்கம் என் வாயைப் பேச வைத்தது. "சாப்பிட்டேன் மிஸ்ஸி. காலையிலகூட ரொட்டியில தடவித்தான் சாப்பிட்டேன்."

"தித்திப்பா இருந்துச்சா?"

"தேன் மாதிரி."

மிஸ்ஸி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "அப்ப உங்களது ஜாம்தான். மத்த மூணையும் போய்ப் பாப்போம், வாங்க."

இரண்டு பேரும் கிளம்பினோம். யாராவது செத்துப்போவார்களோ என்று மிஸ்ஸிக்குப் பயம். தன் போத்தலை ஒருவரும் திறப்பதில்லை என்று மிஸ்ஸிக்குத் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

யாழ்ப்பாணத்து வாத்தியார் வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் மிஸ்ஸி, நான் அதைத் திறக்கவே இல்லை. போன வருஷத்தையும் திறக்கேல்லை" என்று பெருமையாகச் சொன்னார். நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். அவரோ என்னிடம், கண்ணில் தூசியா என்று கேட்டார். மிஸ்ஸி போத்தலைத் திறந்து முகர்ந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஜாம்.

துரை பங்களாவில் சமையற்காரர், காற்றில் அடித்துக்கொள்ளும் குசினிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த மூன்று போத்தல்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். "எது வேணும்னு பாருங்க மிஸ்ஸி" என்றார். எனக்குப் பங்களாத் தோட்டத்து ரோசாச் செடிக்குள் போய் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. மிஸ்ஸி புதியதைத் திறந்து பார்த்தார். ஜாம்.

அப்புறம் குறுக்குப் பாதையில் ஹாலிஎலைக்கு இறங்கினோம். மிஸ்ஸி ஓட்டமும் நடையுமாக முன்னால் போனார். நான் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். நானாவின் போத்தல் களிம்பாக இருந்தால் நான் தப்பித்தேன். ஆனால் அந்த நல்ல மனிதர் அதைச் சாப்பிட்டிருந்தால்? சாப்பிட்டிருக்கக்கூடாது, ஆனால் அது களிம்பாகவும் இருக்கவேண்டும். வழி முழுவதும் இதையே வேண்டிக்கொண்டு போனேன்.

கடைக்கார முஸ்லிம் நானா கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். "வாங்க மிஸ்ஸி, தீவாளியும் அதுவுமா என்ன இந்தப் பக்கம்?" என்றவர், கேட்டதும் மேல் தட்டிலிருந்து போத்தலை இறக்கினார். "பத்திரமா வச்சிருக்கேன். கையே படல்ல."

மிஸ்ஸி விரலை நாக்கில் வைத்தார். ஜாம். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாக்க நீட்டுங்க."

நீட்டினேன்.

"கந்தகம் தேன் மாதிரி இருந்துச்சுன்னா நாக்கு செத்துப் போச்சுன்னு அர்த்தம்" என்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நானா, சுடுதண்ணியும் உப்பும் குடுங்க. நெறைய உப்பு."

அந்த நிமிஷத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று இடங்களில் மூடி திறக்காத போத்தல்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிற மனுஷியிடம், நாலாவதும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையின் பின்கட்டில் ஒரு பேசினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு செம்பு உப்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தேன். மிஸ்ஸி என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "எடுத்துருங்க தம்பி, எல்லாத்தையும் எடுத்துருங்க" என்று, பிள்ளை பெறுகிறவளுக்குச் சொல்வது போலச் சொன்னார். எடுத்துவிட்டேன். தீபாவளிக் காலை முழுவதும் வெளியே வந்தது.

மிஸ்ஸி குனிந்து பேசினில் விழுந்ததை ஆராய்ந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பயம் போயிருந்தது.

"தோச" என்றார். "ரொட்டி இல்ல. ஜாமும் இல்ல, களிம்பும் இல்ல."

நான் எழுந்து செம்பைக் கழுவினேன்.

திரும்பி மேலே ஏறும்போது மழை விட்டிருந்தது. இரண்டாவது திருப்பத்தில் அவரே பேசினார்.

"யாரும் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும் தம்பி. வருஷா வருஷம் ஒருத்தரும் போத்தலத் திருப்பிக் குடுத்து நெரப்பச் சொன்னதில்லையே."

"அப்புறம் ஏன் மிஸ்ஸி செய்றீங்க?"

"பிள்ள வலின்னா அர்த்த ராத்திரிலயும் கூப்பிடுவாங்க. நல்ல நாளுன்னா யாரு கூப்பிடுறா? கையில ஒரு போத்தல் இருந்தா நானே போய்க் கதவத் தட்டலாம்ல. உள்ள வாங்கன்னு சொல்லித்தானே ஆகணும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து களிம்புப் போத்தலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். மற்ற மூன்றையும் பார்த்தார். தொடவில்லை.

அடுத்த நாள் காலை ஆபீசுக்குப் போகும் முன் நான் டிஸ்பென்சரிக்குப் பின்னால் போய் அவர் கதவைத் தட்டினேன். உள்ளே பை எடுக்கும் சத்தமும் செருப்பு மாட்டும் சத்தமும் கேட்டன.

"எந்த லயம்? வலி எப்ப வந்துச்சு?"

"யாருக்கும் வலி இல்ல மிஸ்ஸி. சும்மா வந்தேன்."

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திறந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணி ஊற்றினார், ஒரு தட்டில் ரொட்டியும் ஜாமும் வைத்தார். ஜாம் அப்போதும் மோசமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.