ஆவணி மாசத்து மாம்பழம்

கிருஷ்ணகிரி டேமுக்குக் கல்லு ஒடைச்சிக்கிட்டு இருந்தாங்களே, அந்த வருசம். காத்து நம்ம பக்கம் அடிச்சா வேட்டுச் சத்தம் குருபரப்பள்ளி வரைக்கும் கேக்கும். எங்க செவலப்பசு அந்தச் சத்தத்துக்குப் பாலே சொரக்காது (அது வேற கத, விடு). தேதி கீதி என்னைக் கேக்காத தம்பி, நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்ல.

போனவன் என் தம்பி முனிராஜி. பெங்களூர்ல பெரிய யுனிவர்சிட்டியில மாம்பழ ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தான். எதுக்கு மாம்பழம்னா, எங்கப்பா ஒரு வருசம் வண்டி நெறையப் பழம் ஏத்திக்கிட்டுப் போனாரு. வழியில அடைமழை. அத்தனையும் அழுகி, ஆத்தோரம் கொட்டிட்டு வெறும் வண்டியோட வந்தாரு. அன்னைக்கி அவரு சோறு திங்கல. அதப் பாத்தவன் முனிராஜி. பழம் அழுகாம வெக்கிறதுக்கு வழி கண்டுபிடிக்கிறேன்னு கெளம்பிட்டான்.

வருசத்துல ஒரு நாளு அங்க கேட்டத் தொறந்து விட்டு, உள்ள நடக்குற ஆராய்ச்சியெல்லாம் ஜனங்களுக்குக் காட்டுவாங்க. அன்னைக்கித்தான் முனிராஜிக்கும் பரிச்ச. "அப்பாவால வர முடியாது, நீயாவது வாண்ணா"ன்னு சொல்லி அனுப்பினான். நானும் கல்யாண வேட்டியக் கட்டிக்கிட்டு, தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன். (என்னமோ பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி.)

பெரிய ஹாலு. நீள மேசை மேல வெள்ளத் துணி. அது மேல வரிசையாத் தட்டு, தட்டு நெறைய நீலம் பழம். ஆடி பொறந்ததும் பறிச்சி, மெழுகு தடவி, குளுந்த ரூம்புல வெச்சிருந்தானாம். ஆவணி பாதி போயிருச்சி, நம்மூரு மரத்துல எல காம்பு தவிர ஒண்ணுமில்ல. இங்க பழம் புதுசாட்டம் மின்னுது. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு சீட்டு எழுதி நட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்துல நல்ல கத்தி ஒண்ணு.

"பெரிய புரபசருங்களக் கூட்டிக்கிட்டு வர்றேன்ணா, இங்கயே இரு"ன்னுட்டு முனிராஜி போயிட்டான்.

ஜனம் வர ஆரம்பிச்சிது. வர்றாங்க, பழத்தப் பாக்குறாங்க, மோந்து பாக்குறாங்க, நகந்து போறாங்க. ஒரு பொம்பள இடுப்புல கொழந்த, அது பழத்துக்குக் கைய நீட்டுது. அவ கைய இழுத்து மடக்கிட்டுப் போறா. நம்ம பக்கம் விசேசம்னா, சீர் தட்டுல கொண்டாந்தவங்க பேரச் சீட்டுல எழுதி வெப்போம், சபைக்குக் காட்டுவோம், அப்பறம் வெட்டி எல்லாருக்கும் குடுப்போம். தட்டு நெறையப் பழத்த வெச்சிக்கிட்டு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புனா, நாளைக்கி எவன் நம்ம வாசப்படி மிதிப்பான்? தம்பி படிச்ச படிப்புல இது மறந்து போச்சின்னு நெனச்சேன்.

துண்ட இடுப்புல கட்டினேன். கத்திய எடுத்தேன்.

வரிசை வாசல் தாண்டிப் போச்சி. தோலோட கடிச்சவங்களுக்கு மெழுகு பல்லுல ஒட்டிக்கிச்சி, நாக்கால தொழாவிக்கிட்டே ரெண்டாந் துண்டுக்கு நின்னாங்க. ஒரு கிழவரு, "இன்னொந்து கொடி சாமி"ன்னு கன்னடத்துல கேட்டு மூணு தடவ வாங்கிட்டாரு. "தாராளமா வாங்கிக்குங்க, எந்தம்பி பழந்தான்"னு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுக் குடுக்குறேன்.

கடைசித் துண்டு கையில இருக்கறப்ப முனிராஜி வந்துட்டான். பின்னால கோட்டு போட்ட பெரியவங்க மூணு பேரு. நானும் மரியாத தெரிஞ்சவன் இல்லையா, வயசுல மூத்தவருகிட்ட அந்தத் துண்ட நீட்டினேன். "எடுத்துக்குங்க சாமி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

அவரு தட்டுங்களப் பாத்தாரு. கொட்டையும் தோலும்.

"யாரு இது?"

"எங்கண்ணன் சார்."

"அவருக்குத் தெரியாதா? இத நாங்கதான வெட்டிப் பாக்கணும்?"

"நான் அவருகிட்ட சொல்லல சார். தப்பு என்னுது."

அவன் சொல்லலதான். ஆனா ஆராய்ச்சிப் பழத்த எவனாவது பந்தி வெப்பான்னு அவன் எப்பிடி நெனப்பான்? அவரு கோவிச்சிக்கக்கூட இல்ல. "பழமே இல்லாம நான் எதப் பாத்து எழுதுறது? அடுத்த வருசம் செய்யி"ன்னுட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் முனிராஜி கூட வந்தான். பஸ்ஸு வந்தப்பறம் கேட்டான்.

"ருசி எப்பிடி இருந்துச்சிணா?"

"உனக்குத் தெரியாதா?"

"வெட்டுனா கணக்குல கொறையும்னு நான் ஒண்ணக்கூடத் தொடல."

நானும் திங்கல. விருந்து வெக்கிறவன் கடைசியிலதான திம்பான். எனக்கு மிச்சமே இல்லியே.

"நல்லாத்தான் இருந்திருக்கும்பா. மறுபடி மறுபடி வாங்குனாங்க"ன்னேன்.

அவன் சிரிச்சான். கண்ணுல தண்ணி, ஆனா சிரிச்சான்.

அடுத்த தையில மூடுபனி எறங்கி பூவெல்லாம் கருகிப் போச்சி. பழம் இல்ல. அதுக்கு அடுத்த வருசந்தான் பட்டம் வாங்கினான். அது வரைக்கும் அவனுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு வூட்டுக்காரங்க கல்யாணத்தத் தள்ளித் தள்ளி வெச்சாங்க. அந்தப் பொண்ணு, அதான் முனிராஜி பொண்டாட்டி, கடைசி வரைக்கும் என் கையில கத்தியக் குடுத்ததில்ல.

இன்னைக்கும் எங்க வூட்டுல தட்டுல எந்தப் பழத்த வெச்சாலும், பொடுசுங்க என்னப் பாத்து, "பரிச்ச முடிஞ்சிருச்சா தாத்தா, திங்கலாமா?"ன்னு கேக்கும். முனிராஜி இருந்த வரைக்கும் அவனும் சேந்து கேப்பான். இப்ப அவன் இல்ல. இந்தக் கதைய ஊருல சொல்றவங்க, மொத்தப் பழத்தையும் நானே தின்னுட்டேன்னு சொல்றாங்க. நீ நாலு எடம் போறவன் தம்பி. போற எடத்துல சொல்லு, நல்லாச் சிரிக்கட்டும். ஆனா நான் ஒரு துண்டுகூட வாயில வெக்கலன்னும் சேத்துச் சொல்லு.