மூன்றாம் நம்பர் வால்யூம்

மேடையில் குனிந்து வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வணக்கத்துக்கு ஓரடி பின்னால் வைத்தேன். குதிகாலில் ஏதோ சிக்கியது. மைக்செட் மிக்சருக்குப் பின்னால் செருகியிருந்த நான்கு மைக் ஒயர்களும் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன.

முன்வரிசையில் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்த யூசூ நிமிரவே இல்லை. "விழுந்தது நீங்களா, மேடையா டிரைவரே?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

முப்பது வருஷம் தைவானின் தைனான் நகரில் பஸ் ஓட்டியவன் நான். மிக்சர் என்பது பொத்தான் கொஞ்சம் கூடுதலாக உள்ள பஸ், அவ்வளவுதானே? மைக்செட்காரன் ஆகுன் சாப்பிடப் போயிருந்தான். நிலாத் திருநாள் கச்சேரிக்கு இன்னும் அரை மணி இருந்தது.

இன்று பாடி முடித்த கையோடு, சேர்ந்து வாழலாமா என்று யூசூவிடம் கேட்டுவிடுவதாகத் திட்டம். இருவருமே தனிக்கட்டைகள். ஆறு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் என் பாட்டுக்கு வருகிறாள். பேட்டையே சொல்கிறது, "லியாவ் பாடினா ரெக்கார்டுல வர்ற மாதிரியே இருக்கு!" என்று. அவள் மட்டும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கையில் ஒரு சுளையைத் திணித்துவிடுவாள்.

ஒயர்களைக் கைக்கு வந்த துளைகளில் செருகினேன். வட்டத் தலைவரின் மைக் மட்டும் ஊமை. அது போய்ச் சேர்ந்த மூன்றாம் நம்பரின் வால்யூமை அடியோடு இறக்கி, நகராதபடி நீல டேப் ஒட்டியிருந்தார்கள். எந்தச் சோம்பேறி செய்த வேலையோ! டேப்பைப் பிய்த்தெறிந்து மேலே தள்ளினேன்.

கூவென்று ஓர் ஊளை. கோயில் வாசல் நாய் பதில் சொன்னது.

"பிரேக்கப் போடுங்க டிரைவரே!"

எது பிரேக் என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் இறக்கினேன். ஊளை நின்றது. ஒவ்வொன்றாக மெல்ல ஏற்றி, என் சிவப்பு மைக்கை எடுத்து ஒரு வரி பாடினேன்.

ஒலிபெருக்கியில் ஓர் ஆடு பாடியது. சளி பிடித்த ஆடு.

எக்கோவைத் திருகினேன். மூன்று ஆடுகள். பேஸைக் கூட்டினேன். கூடவே ஓர் எருமை. பின்வரிசையில் மாஜோங் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளை வாரிக்கொண்டு வெளியேறினார்கள்.

வியர்த்துக் கொட்ட யூசூவின் முன் போய் நின்றேன்.

"மிக்சர ஒடச்சுட்டேன் யூசூ. என் குரலையே நாசம் பண்ணிடுச்சு. இன்னிக்குன்னு பாத்து! பாடி முடிச்சுட்டு உங்ககிட்ட ஒரு விஷயம் பேசலாம்னு இருந்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். உள்ளே நீல டேப், பாதி தீர்ந்த ஒரு சுருள்.

"மிக்சர் நல்லாத்தான் இருக்கு. அதான் உங்க குரல்."

"என்னது?"

"உங்க செகப்பு மைக் எப்பவும் மூணாம் நம்பர்ல. ஆறு வருஷமா டேப் ஒட்டறது நான்தான். நீங்க வாயத் தொறந்ததும் ஆகுன் அசல் பாட்டு ரெக்கார்டப் போட்டுடுவான்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப புதன்கிழமை தவறாம முன்வரிசைல வந்து எதக் கேட்டீங்க?"

அவள் ஒரு சுளையை எடுத்தாள். இந்தத் தடவை என் கையில் திணிக்கவில்லை. தானே வாயில் போட்டுக்கொண்டு, காது சிவக்கச் சொன்னாள்:

"நான் எங்க கேட்டேன்? உங்களப் பாத்துக்கிட்டுல்ல இருந்தேன்."