மேட்டுக்கொல்லைக் கீரை

இன்றைக்கு மனைவி பின்னாலேயே போய் அவள் கீரை பறிக்கும் இடம் எதுவென்று கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு கட்டியபோது, கனாக்கிஸுக்கு இருந்த கோபத்தில் கிரீட் தீவில் பாதி வெந்திருக்கும்.

காரணம் காபிக்கடை. முந்தின நாள் அத்தனை பேர் முன்னாலும் கடைக்காரன் கேட்டுவிட்டான், "ஊரிலேயே நல்ல கீரை உங்க வீட்டுலதான் வேகுதாம். எங்க பறிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியாதாமே?" கனாக்கிஸ் மீசையை முறுக்கினார்.

அந்த ஊர்ப் பெண்கள் பாவத்தைக்கூடப் பாதிரியாரிடம் சொல்லிவிடுவார்கள், கீரை இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். அவர் மனைவி ரொதாந்தி அதில் ஒரு படி மேல். முதல் மழை விழுந்ததும் இளங்கீரை கொண்டுவருவாள். குளிர் இறுகினால் முள்ளுக்குள் ஒளிந்து வளரும் ஸ்தாம்நகாத்தி என்னும் கசப்புக்கீரை. மார்ச்சில் காட்டு அஸ்பாரகஸ் தண்டு, முட்டையோடு. மே மாதம் காட்டு ஆர்ட்டிசோக் மொட்டு. கனாக்கிஸ் தட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பிப்பார்.

"எங்க பறிச்ச?"

"மலையில."

"எந்த மலையில?"

"பெரிய மலையில."

கிரீட்டில் சின்ன மலை என்று எதுவும் கிடையாது. கட்டினவனிடமே பூடகமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு இன்னொரு கோபமும் உண்டு. பழைய கோபம், ரொம்பப் பிடித்த கோபம். தம்பி மத்தேயோஸ் மேல் உள்ளது. அப்பா விட்டுப்போன மேட்டுக்கொல்லையை இரண்டாகப் பிரித்தபோது, ஒரு கிழட்டு ஒலிவ மரம் சரியாகக் கோட்டின் மேல் நின்று தொலைத்தது. மரம் என்னுடையது என்றார் அண்ணன். வேர் என் பக்கம் என்றான் தம்பி. கடைசியில் இரண்டு பேரும் காபிக்கடையில் மேஜையைக் குத்திச் சத்தியம் செய்தார்கள்: இனி அந்தக் கொல்லையில் கால் வைத்தால் மீசையை மழித்துவிடுகிறேன். மீசை இல்லாத கிரீட்காரனை அவன் கழுதைகூட மதிக்காது. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏர் இல்லை, களைக்கொல்லி இல்லை, ஆடுகூட இல்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் கனாக்கிஸுக்கு மனசு இளகும். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், சத்தியத்தைச் சேர்ந்தே கைவிட்டுச் சமாதானமாகப் போய் உழுதுவிடலாமே என்று வாய்விட்டுச் சொல்லுவார். ரொதாந்தி உடனே பெருமூச்சு விடுவாள். "செய்யுங்க, நல்ல காரியம். உங்க தம்பி உங்களைப் பத்திச் சொன்னதை நான் மறந்துடறேன்." என்ன சொன்னான் என்று இவர் குதிப்பார். வேண்டாம், குடும்பம் ஒற்றுமையாக இருக்கணும், நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பாள். அவ்வளவுதான். அடுத்த அக்டோபர் வரைக்கும் அது தாங்கும்.

இன்றைக்குக் காலையில் அவள் சின்னக் கத்தியும் துணிப்பையுமாகக் கிளம்பினாள். கனாக்கிஸ் நூறடி விட்டுப் பின்னால் போனார். தேவாலயம் தாண்டினாள், ஓடை தாண்டினாள், மேட்டில் ஏறினாள். இவருக்கு மூச்சு வாங்கியது. இவளுக்கு முட்டி வலி என்று போன வாரம்தானே தைலம் தேய்த்துவிட்டோம் என்று நினைத்தபோது ஆத்திரம் இரண்டு மடங்கானது. அவள் ஒரு கற்சுவரின் இடிந்த பகுதி வழியாக உள்ளே நுழைந்தாள்.

மேட்டுக்கொல்லை.

கனாக்கிஸ் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின தூரம் கீரை, அத்தனையும் கொழுகொழுவென்று. நடுவில் இரண்டு பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ரொதாந்தி. இன்னொருத்தி மிர்சினி, அவர் தம்பி பெண்டாட்டி. பதினோரு வருஷமாகத் தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேரும் அங்கே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கண் மண் தெரியவில்லை. நாலு எட்டில் கொல்லைக்கு நடுவே போய் நின்றார். நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அதே நேரம் எதிர்ச் சுவரைத் தாண்டி இன்னொருவன் பாய்ந்து வந்தான். மத்தேயோஸ். அவனையும் கடைக்காரன் அதே கேள்வியைக் கேட்டிருந்தான் போலிருக்கிறது.

"உள்ள வந்துட்டடா. மீசையை எடு," என்றார் கனாக்கிஸ்.

"நீ எங்க நிக்கிறேன்னு குனிஞ்சு பாருண்ணே," என்றான் தம்பி.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, சேர்ந்தாற்போல் பெண்டாட்டிகளைப் பார்த்தார்கள்.

"நான் உன்னைப் பத்தி எதுவும் சொன்னதில்லையேண்ணே," என்றான் மத்தேயோஸ் மெதுவாக. "நீதான் என்னைப் பத்தி என்னமோ சொன்னியாம். மிர்சினி என்னன்னு சொல்லவே மாட்டேங்கிறா."

கனாக்கிஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினோரு ஈஸ்டர். பதினோரு தடவை தம்பி இல்லாமல் ஆட்டை வாட்டியிருக்கிறார். "எதுக்குடி?" என்று கத்தினார். "எதுக்காக இப்படிப் பண்ணுன?"

ரொதாந்தி கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். "மண்ணைக் கிளறினா கீரை போயிடும். அதான் உங்களைக் கிளறினோம்."

"நல்ல எடம் மாமா," என்றாள் மிர்சினி. "கோவிச்சுக்காதீங்க."

நாளைக்கே ஏர் பூட்டுகிறோம் என்று அண்ணன் உறுமினார். நான் மாடு கொண்டுவருகிறேன் என்றான் தம்பி. பதினோரு வருஷத்தில் அவர்கள் முதல் தடவையாக ஒத்துப்போன விஷயம் அது. கனாக்கிஸ் தம்பியின் தோளில் கைபோட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

ரொதாந்தி பைக்குள் கீரையை அமுக்கினாள். "தாராளமா உழுங்க. இன்னைக்குக் கால் வச்சதை ஊருக்கு நாங்க சொல்லிடறோம். மிர்சினி, வீட்டுல சவரக்கத்தி இருக்கா?"

"ரெண்டு இருக்குக்கா."

தோளில் இருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அண்ணன் கிழக்குச் சுவரைத் தாண்டினார், தம்பி மேற்குச் சுவரைத் தாண்டினான்.

மறுநாள் காபிக்கடையில் மத்தேயோஸ் நுழைந்ததும் கனாக்கிஸ் வழக்கம்போல மரத்திருடன் என்று ஏசினார். வேரைத் திருடியவன் என்று அவனும் பதிலுக்கு ஏசினான். ஆனால் நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரன் காபியை வைத்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இரண்டு பேரும் சிரித்த செய்தி கனாக்கிஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. ரொதாந்தி எலுமிச்சையும் எண்ணெயும் விட்ட ஸ்தாம்நகாத்தியைத் தட்டில் போட்டு முன்னால் நகர்த்தினாள். "இப்படித் திட்டினா ஊர் நம்புமா? ராசியாயிட்டீங்கன்னு தெரிஞ்சா ஊர்ப் பொம்பளைங்க காரணம் தேடிக் கொல்லைக்கே வந்துடுவாங்க. ஏப்ரல் வரைக்கும் கீரை இருக்கு. கொஞ்சம் பொறுப்பா கோவப்படுங்க."

ஊரையே நடுங்கவைக்கும் கோபக்காரரான கனாக்கிஸ் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"நாளைக்கு எதுக்காகக் கோவப்படணும்?"