ஐவர் சென்றோம், ஐவர் திரும்பினோம்

மனித குலம் நிலவுக்குப் போய்த் திரும்பியது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் போவதற்கு முந்தின நாளே திரும்பி வந்துவிட்டதாக அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்த பெருமை, மூடிக் கிடந்த நீர்மின் நிலையத்தின் 'சுரங்க ஆய்வு உயர்மட்டக் குழு'வைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. "ஐவர் சென்றோம், ஐவர் திரும்பினோம், சுரங்கம் நலம்." மூன்று பிரதிகள். முத்திரை மைகூடக் காய்ந்துவிட்டது.

இந்த மகத்துவம் மதகுக்காரருக்கு மட்டும் பிடிபடவில்லை. முப்பது வருஷம் மதகுச் சக்கரம் சுற்றியவர். எந்திரங்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போன பிறகும், அந்தச் சக்கரத்தைச் சுற்றத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். படிப்பு குறைவு, சந்தேகம் அதிகம். கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வெயிலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

குழுவில் இயக்குநர், பொறியாளர், எழுத்தர், படம் பிடிப்பவர் என்று நாலு பேர். விளக்குத் தூக்க ஐந்தாவதாக மதகுக்காரரின் மாப்பிள்ளை.

மதகுக்குக் கீழேயே, தண்ணீர் போகும் சுரங்கத்தின் வாசல். அங்கே ஆணி அடித்த ஒரு பலகை. உள்ளே போகிறவர் எண் போட்ட பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லை தொங்கினாலும் மதகைத் திறக்கக் கூடாது.

"இதெல்லாம் பழைய காலம் பெரியவரே. எங்க பேரு அறிக்கையிலயே இருக்கு" என்றார் இயக்குநர்.

மாப்பிள்ளை மட்டும் மாட்டினார். விதிமேல் மரியாதை இல்லை, மாமனார்மேல் பயம்.

குழு வீரத்தோடு நாற்பது அடி முன்னேறியது. அங்கே ஒரு வௌவால் எதிர்ப்பட்டது. படம் எடுத்துக்கொண்டார்கள், வௌவாலை அல்ல, ஒருவரை ஒருவர். "தம்பி, நீ போய்க் கடைசி வரைக்கும் பாத்துட்டு வா" என்று மீதி இரண்டாயிரம் அடியை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, ஆய்வை 'வெற்றிகரமாக' முடித்து வெளியே வந்தார்கள்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் திறப்பு விழாத் தலைவர் வந்து, சுரங்க வாசலுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்த மேடையில் ஏறினார். அவர் கொடியசைத்ததும் மதகைத் திறந்து, ஆய்வு செய்த சுரங்கத்துக்குள் தண்ணீர் விட வேண்டும்.

"சுத்துங்க பெரியவரே."

"ஒரு வில்லை தொங்குது."

"எடுத்துட்டா தொங்காதே?" என்றார் பொறியாளர். மேல்படிப்புப் படித்தவர்.

"எடுத்துட்டா ஆள் வந்துருவாரா? என் மாப்பிள்ளை உள்ள இருக்காருய்யா!"

"இருக்க முடியாது. அஞ்சு பேரும் திரும்பியாச்சுன்னு போட்டிருக்கு."

"எண்ணிப் பாருங்க. நாலு தலைதான் நிக்குது."

எழுத்தர் எண்ணினார். நாலு. அவருக்கு வேர்த்துவிட்டது, அறிக்கைக்கு அல்லவா ஆபத்து! ஓடிப்போய் ஜீப் டிரைவரை இழுத்து வந்து வரிசையில் நிறுத்தி மறுபடி எண்ணினார். ஐந்து. எல்லோருக்கும் உயிர் வந்தது.

"இப்ப சரியா இருக்கா?"

"ரொம்ப சரி. என் பொண்ணுகிட்ட இந்த டிரைவரைக் கூட்டிட்டுப் போய் விட்டுரவா?"

"ஐயா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று டிரைவர் பதறினார்.

கொடி பிடித்துக் கை வலிக்கிறது என்றார் தலைவர். இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, புரிஞ்சுக்குங்க. அறிக்கையைத் திருத்தணும்னா மேலிடம் வரைக்கும் போகணும், ஆறு மாசம் ஆகும். ஆள் விஷயம்னா நாமளே அனுசரிச்சுக்கலாம்."

மதகுக்காரர் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தார். சக்கரத்தின் நடு நட்டைக் கழற்றினார். சக்கரத்தை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப சுத்துங்க."

"வேலையை விட்டு எடுத்துருவேன்!" என்று கத்தினார் இயக்குநர்.

"ஓய்வு கொடுத்து ஒம்பது வருஷம் ஆச்சு. தாராளமா எடுங்க."

முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் முழங்கால் வரை சேறோடு மாப்பிள்ளை வெளியே வந்தார். முதல் வேலையாகத் தன் வில்லையை எடுத்துக்கொண்டார்.

"மாமா, கோடியில மேல்கூரை இடிஞ்சு மொத்தமா அடைச்சுக் கெடக்கு. தண்ணி விட்டிருந்தா திரும்பி இங்கதான் பொங்கியிருக்கும். இந்த மேடை, நாற்காலி, தலைவரு, எல்லாம் போயிருக்கும்."

"அடைப்பெல்லாம் அறிக்கையில இல்லையே" என்றார் இயக்குநர்.

"நீங்க உக்காருங்க மாப்ள" என்று மதகுக்காரர் சக்கரத்தில் பாதி இடம் விட்டார்.

எழுத்தர் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். "ஐயா, ஆறு வருது. ஒருத்தர் அதிகமா இருக்கார்."

அடுத்த வாரம் மதகுக்காரர் வீட்டுக்கு ஓர் ஓலை வந்தது. ஐவர் திரும்பியதாக முறைப்படி சான்றளிக்கப்பட்ட சுரங்கத்திலிருந்து ஆறாவதாக ஒருவரை உயிருடன் வெளிவரச் செய்தது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டுமாம்.

இலாகாவை யாரும் குறை சொல்லக் கூடாது. அங்கே தவறு என்று எதுவும் நடப்பதே இல்லை. தவறிப்போய் யாராவது பிழைத்துவிட்டால்தான் விளக்கம் கேட்கிறார்கள்.